கொசுவம் வைத்த காகிதம்: ஜூன் விடுமுறையில் மூன்று சனிக்கிழமைகள்

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகள் இரண்டு இருக்கின்றன. ஜூன் விடுமுறையில் மூன்று சனிக்கிழமை காலைகள் அந்த மேசைகளைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்துக் காகிதம் மடித்தோம். பிள்ளைகள் ஒன்பது பேர். நர்சரியில் இருக்கும் நான்கு வயதுச் சுட்டியிலிருந்து, அடுத்த வருடம் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிற ஆறு வயதுக்காரி வரை. பெரியவர்கள் நாங்கள் நான்கு பேர்: நான், இரண்டு அம்மாக்கள், ஆறாவது மாடியில் இருக்கும் ஒரு பாட்டி.

முதல் சனிக்கிழமை படு சொதப்பல். இரண்டு பேர் அழுதார்கள். ஒரு பையன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்றான். ஒரு மணி நேரம் என்று சொல்லி அழைத்திருந்தோம், நாற்பது நிமிடத்தில் மூட்டை கட்டினோம். மூன்றாவது சனிக்கிழமையோ, மழைச் சாரல் மேசை வரைக்கும் வந்த பிறகும் யாரும் மேலே போகத் தயாராக இல்லை. இடையில் பிள்ளைகள் மாறவில்லை, மேசை மாறவில்லை, என் பொறுமையும் அப்படியொன்றும் கூடிவிடவில்லை. அப்படியானால் எது மாறியது என்று யோசித்து எழுதியதுதான் இது. இதே வயதுப் பிள்ளைகளோடு உட்காரப்போகிறவர்களுக்கு முதல் நாள் அழுகை மிச்சமாகும் என்று நினைக்கிறேன்.

ஏன் காகிதம்?

உண்மையைச் சொன்னால், காகிதம் ஒரு சாக்கு. பிள்ளைகள் வாரத்தில் ஒரு மணி நேரமாவது தமிழில் வாய் திறக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. கதை சொன்னால் கேட்டுக்கொண்டு இருப்பார்கள், பேச மாட்டார்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கும் என்று ஒரு அம்மா சொன்னார். சரி, செலவும் இல்லை, மேசையும் இருக்கிறது என்று இறங்கிவிட்டோம்.

‘கோடை’ என்று தலைப்பு வைத்தது நான். அதற்கான கேள்வி முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்தது. “கோடைன்னா என்ன?” பாட்டி, “வெயில் காலம்டா” என்றார். “அது டெய்லியும்தானே பாட்டி?” என்றான் பையன். நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே, வடக்கே ஒரு பாகையைத் தாண்டியும் தாண்டாமலும் இருக்கிற ஊரில் பிறந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்பான்! பாட்டி அசரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கத்திரி வெயில், நுங்கு, பனையோலை விசிறி என்று ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளின் பட்டியல் வேறு மாதிரி இருந்தது: வண்டியில் விற்கும் ஐஸ்கிரீம், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை, தர்பூசணி, நீச்சல் குளம், மீன். அந்தப் பட்டியலை அன்றைக்கே ஒழுங்காகக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை

மீனும் தவளையும் செய்வதாகத் திட்டம். முந்தின இரவு ஒரு காணொளியைப் பார்த்து நான் நான்கு மீன் மடித்துப் பார்த்தேன். எனக்கு வந்தது. அதனால் பிள்ளைகளுக்கும் வரும் என்று நம்பினேன். நம் கைக்கு எளிது என்பதும் ஐந்து வயதுக் கைக்கு எளிது என்பதும் ஒன்றில்லை என்று அந்த இரவில் தோன்றவே இல்லை.

அந்த மீன் இப்படித் தொடங்கும்: சதுரத்தைக் குறுக்காக மடித்துப் பிரி, மறுபக்கக் குறுக்காக மடித்துப் பிரி, திருப்பிப் போட்டு நேராக மடித்துப் பிரி. அப்புறம் இரண்டு பக்கத்தையும் உள்ளே தள்ளி ஒரே நேரத்தில் அமுக்கினால் முக்கோணம். பெரியவர்களுக்கு இது இரண்டு நிமிடம். பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. மடித்துவிட்டுப் பிரிக்கச் சொன்னதுமே முகம் மாறுகிறது. இவ்வளவு கஷ்டப்பட்டு மடித்ததை ஏன் பிரிக்க வேண்டும்? மூன்றாவது முறை பிரிக்கச் சொன்னபோது ஒரு பெண் தாளைத் தள்ளிவிட்டு, “ஆன்ட்டி, நீங்கதான் மடிக்கச் சொன்னீங்க, நீங்கதான் பிரிக்கச் சொல்றீங்க” என்றாள். அவள் பக்கம்தான் நியாயம்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளும் அந்த ஒரு அசைவு ஒன்பது பேரில் ஒருவருக்கும் வரவில்லை. நாங்கள் நான்கு பெரியவர்களும் மேசை மேசையாக ஓடி ஒன்பது மீனையும் நாங்களே மடித்தோம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். தவளைக்குப் போகவே இல்லை. அதற்குள் இருவர் அழுகை, ஒருவன் மேசைக்கு அடியில். பேச்சும் முழுக்க ஆங்கிலம். “திஸ் இஸ் நாட் வொர்க்கிங்” என்பதைத்தான் அதிகம் கேட்டேன்.

அன்றிரவு

சாப்பாட்டு மேசையில் மிச்சத் தாள்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்தேன். ஒரு விஷயம் காலையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. மூலையை மூலையோடு சேர்த்துவை என்று சொன்னால் பிள்ளைகள் சேர்த்துத்தான் வைத்தார்கள். ஆனாலும் ஓரத்தில் ஒரு கீற்று வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. ‘சரியா வை, சரியா வை’ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது நானே ஒரு தாளை எடுத்து மூலையோடு மூலை வைத்தேன். கீற்று நீட்டியது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 15 செ.மீ., மறு பக்கம் 14.7 செ.மீ. மலிவாகக் கிடைக்கிறதே என்று அக்கம்பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கிய கட்டு. உறையில் சதுரம் என்றுதான் போட்டிருந்தது.

மூன்று மில்லிமீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு மடிப்போடு முடிகிற வேலைக்கு இல்லை. ஐந்தாவது மடிப்புக்கு வரும்போது அந்த மூன்று மில்லிமீட்டர் கோணலாகக் கூடிக்கொண்டு வருகிறது, கூர்மையாக வர வேண்டிய மூக்கு மழுங்கிப்போகிறது. பிள்ளைக்குத் தாள்மேல் சந்தேகம் வராது, தன் கைமேல்தான் வரும். அழுத இரண்டு பேரில் ஒருத்தி, கீற்று தெரியக் கூடாது என்று அதே மடிப்பை ஐந்தாறு முறை பிரித்துப் பிரித்து மடித்தவள். அதை நினைத்து எனக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை.

அதற்கப்புறம் கட்டுத் தாளை நம்புவதை விட்டுவிட்டேன். வீட்டில் இருக்கும் ஏ4 தாளே போதும். 21 செ.மீ. ஓரத்தை நீளப் பக்கத்தின் மேல் குறுக்காக மடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைக் கத்தரித்தால் 21 செ.மீ. சதுரம். பெரிய சதுரம் சின்னக் கைக்கு நல்லது. வெட்டியெடுத்த பட்டை 8.7 செ.மீ. அகலம் வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. வண்ணத்தாளே வேண்டுமென்றால் கட்டிலிருந்து ஒன்றை உருவி இரண்டு குறுக்கிலும் மடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இரண்டாவது பிழை நான் உட்கார்ந்த இடம். பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து மடித்துக் காட்டினேன். என் வலது அவர்களுக்கு இடது. பெரியவர்கள் மனத்துக்குள் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். நான்கு வயதுப் பிள்ளை கண்ணில் பட்டதை அப்படியே செய்யும், ஆகவே எல்லாம் தலைகீழாகப் போகும்.

மூன்றாவது பிழைதான் பெரியது. காணொளியில் வந்த சொற்களையே நான் பேசிக்கொண்டிருந்தேன்: வேலி ஃபோல்ட், மவுண்டன் ஃபோல்ட். நடுவில் நல்ல தமிழாக்கப்போய் ‘பள்ள மடிப்பு’, ‘மேட்டு மடிப்பு’ என்றும் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஓரிகமி என்ற ஜப்பானியச் சொல்லுக்கே மடிப்பும் காகிதமும் சேர்ந்தது என்றுதான் பொருள். புத்தகங்களில் நாம் பார்க்கும் விட்டுவிட்டுப் போகும் கோடுகளையும் அம்புக்குறிகளையும் 1950-களில் ஒரு முறையாக வகுத்தவர் அகிரா யோஷிசாவா (1911–2005). இளம் வயதில் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கக் காகித மடிப்பைப் பயன்படுத்தியவர். அவருடைய குறியீடுகள் இருப்பதால் ஜப்பானிய மொழி ஒரு எழுத்துத் தெரியாதவரும் ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து மடிக்கலாம். ஆனால் படிக்கத் தொடங்காத பிள்ளைக்கு அம்புக்குறியும் இன்னொரு எழுத்துதானே. சிறு பிள்ளைகளின் வகுப்பில் காகித மடிப்பை ஒரு வேலையாகவே வைத்தவர் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஃபுரோபெல். 1837-இல் அவர் தொடங்கிய பாலர் கல்வி முறை 1876-இல் டோக்கியோ வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் கைக்குக் கொடுத்த பொருள்கள் எல்லாமே பந்து, கட்டை, குச்சி, தாள் என்று பிள்ளை ஏற்கெனவே தொட்டுப் பழகியவை. நான் மட்டும் பழகாத வடிவத்தைப் பழகாத சொல்லில் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை

இந்த முறை ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஐந்து மடிப்புக்கு மேல் போகக் கூடாது. மடித்ததைப் பிரிக்கச் சொல்லும் இடம் அதிகபட்சம் ஒன்று. முடிந்ததும் அதை வைத்து ஏதாவது செய்ய முடிய வேண்டும்: விசிற, குடிக்க, தலையில் வைக்க, மிதக்க விட.

முதலில் ஐஸ்கிரீம். ஒரு பக்கம் பழுப்பும் மறுபக்கம் வெள்ளையுமான தாள். வெள்ளைப் பக்கம் மேலே. ஒரு மூலை வயிற்றைப் பார்க்கட்டும். குறுக்காக ஒரு முறை மடித்துப் பிரித்தால் நடுவில் ஒரு கோடு விழும், அதுதான் நம் ‘ரோடு’. வயிற்றுப் பக்கத்து மூலையிலிருந்து போகும் இரண்டு ஓரங்களையும் அந்த ரோட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டி வை. கீழே பழுப்புக் கூம்பு, மேலே வெள்ளை ஐஸ்கிரீம். மேல்நுனியை மட்டும் பின்னால் தள்ளினால் தட்டையாகிவிடும். அவ்வளவுதான். முதல் நாள் மேசைக்கு அடியில் இருந்தவன், “ஆன்ட்டி, ஐஸ்கிரீம் அங்கிள் பிரெட்ல வச்சுத்தான் குடுப்பாரு” என்று மறுத்தான். சரி, இன்னொரு தாளைப் பாதியாக மடித்து அவனுக்கு ரொட்டி செய்துகொடுத்தோம். கூம்பில்லாத ஐஸ்கிரீமை ரொட்டிக்குள் வைத்தான். அவன் மேசைமேல் கை வைத்ததே எங்களுக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது தர்பூசணி. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. சிவப்பு மேலே இருக்க, கீழ் ஓரத்தை விரல் அகலத்துக்கு மேலே மடித்தால் பச்சைத் தோல் வந்துவிடும். திருப்பிப் போட்டு மேல்மூலைகள் இரண்டையும் நடுவுக்கு இறக்க வேண்டும். மறுபடி திருப்ப வேண்டும். மூன்றே மடிப்பு. பார்க்க வீடு மாதிரிதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கறுப்பு மார்க்கரில் விதை வைத்ததும் அது எப்படியோ தர்பூசணி ஆகிவிடுகிறது. ஒருத்தி நாற்பதுக்கு மேல் விதை வைத்தாள், எண்ணி எண்ணித் தமிழில். பதினெட்டுக்கு அப்புறம் ‘பத்தொன்பது’ வரவில்லை. பாட்டி எடுத்துக் கொடுத்தார். இருபத்தொன்பதிலும் நின்றாள், அங்கேயும் பாட்டி.

மடிப்புகளுக்குப் பெயர் வைக்கும் வேலையைப் பாட்டியிடம் விட்டதுதான் நாங்கள் செய்த உருப்படியான காரியம். பாதியாக மடிப்பது தோசை. மூலைக்கு மூலை முக்கோணமாக மடிப்பது சமோசா. நான்கு மூலையையும் நடுவுக்குக் கொண்டுவருவது முர்தபாக். கடையில் அண்ணன் கல்லில் முர்தபாக்கை நான்கு பக்கமும் மடித்துப் போடுவதை எந்தப் பிள்ளைதான் பார்த்ததில்லை! இதில் ஒரு வேடிக்கை, இந்த நான்கு மூலை மடிப்புக்கு ஆங்கிலத்திலும் ‘பிளின்ட்ஸ்’ என்று ஒரு தின்பண்டத்தின் பெயர்தான். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பாலாடைக்கட்டி வைத்து மடிக்கும் மெல்லிய அப்பம் அது. ஆக எங்கள் பாட்டி சரியான மரபில்தான் இருக்கிறார்.

“சமோசா மடிச்சாச்சா?” “மடிச்சாச்சு பாட்டி!” “ஓரம் பிரிஞ்சிருந்தா உருளைக்கிழங்கு வெளிய வந்துடும்டி.” இதைக் கேட்டதும் ஒன்பது பேரும் ஓரத்தைப் பிடித்து அழுத்தினார்கள். ‘சரியா வை’ என்று நான் முப்பது முறை சொல்லி நடக்காதது.

அழுத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிள்ளைகள் ஓரத்திலிருந்து தேய்க்க ஆரம்பிப்பார்கள், தாள் நகர்ந்துவிடும். முதலில் மூலைகளைச் சேர்த்து இடது கையின் இரண்டு விரலால் மேசையோடு அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம் வலது கைச் சுட்டுவிரலை மடிப்பின் நடுவில் வைத்து வெளிப்பக்கமாக ஒரு இழுப்பு, மறுபடி நடுவிலிருந்து மறுபக்கம் ஒரு இழுப்பு. கடைசியில் ஐஸ்கிரீம் குச்சியால் ஒரு தேய்ப்பு. இடது கைக்காரப் பிள்ளைக்கு இதை அப்படியே மாற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒருவன் இருந்தான், எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் அவனுக்கு வசதியாக இருந்தது. மற்ற எல்லோருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தோம். மடிக்க வேண்டிய மூலை பிள்ளையின் வயிற்றுப் பக்கம் இருந்தால், அதை எதிர்ப்பக்கம் தூக்கி வைப்பது எளிது. மேலிருந்து தன்பக்கம் இழுத்தால் கையே மறைத்துவிடுகிறது. கல்மேசையின் சதுரங்கக் கட்டம் எதிர்பாராத உதவி: தாளின் ஓரத்தைக் கட்டத்தின் கோட்டோடு சேர்த்து வைத்தால் கோணலாகாது.

அப்புறம் கோப்பை. சிறு பிள்ளைகளோடு ஒன்றே ஒன்றுதான் மடிக்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். சமோசா மடித்து, நீளமான பக்கம் கீழே, கூர் மேலே. வலது மூலையை எடுத்து எதிரே இடது சரிவில் கொண்டுபோய் வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் பிள்ளைகள் திணறும் இடம். புத்தகங்களில் ‘மேல்விளிம்பு கிடைமட்டமாக வரும்படி’ என்றிருக்கும். அது பெரியவர் பேச்சு. நாங்கள் ஒரு புள்ளி வைத்துக்கொடுத்தோம். 15 செ.மீ. தாளில் இடது கீழ்மூலையிலிருந்து சரிவில் ஏறக்குறைய 9 செ.மீ. தூரத்தில், அதாவது பாதிக்குச் சற்று மேலே. ஏ4-இல் வெட்டிய 21 செ.மீ. சதுரமென்றால் 12 செ.மீ.-க்குக் கொஞ்சம் மேலே. வலது மூக்கு அந்தப் புள்ளியை முத்தம் கொடுக்க வேண்டும். திருப்பிப் போட்டு மறுமூலைக்கும் அப்படியே. மேலே நிற்கும் இரண்டு காதுகளில் ஒன்றை முன்னால் மடி, மற்றதைப் பின்னால் மடி. வாயைத் திறந்தால் கோப்பை.

பாட்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும், “இது கச்சாங் பூத்தே பொட்டலம் மாதிரில்ல இருக்கு” என்றார். படக்கொட்டகை வாசலில் தலைச்சுமையாகவும் வண்டியிலும் கடலை விற்ற நம் ஆட்கள், பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் அள்ளிக் கொடுத்த காலத்தை அவர் சொல்ல, பிள்ளைகள் கோப்பையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம் என்பதால் பொரிதான் கொடுத்தோம். பொரி தீர்ந்ததும் தண்ணீர். சாதாரணத் தாள் கோப்பை சில நிமிடங்கள் தாங்கும், அதற்குள் குடித்துவிட வேண்டும். ஒழுகுகிறதா ஒழுகுகிறதா என்று அடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பேசிய பேச்சு முழுக்கத் தமிழ் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் தமிழ்.

விசிறி, கொசுவம், கொசு

அதே நாள் விசிறியும் முயன்றோம். கோடை என்றால் விசிறி இல்லாமலா? ஏ4 தாளை மாறி மாறி முன்னும் பின்னும் மடிக்க வேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று சொல்லிப் பார்த்தோம். எல்லோரும் முன்னுக்கே மடித்துக்கொண்டு போய்த் தாளைச் சுருட்டி வைத்தார்கள். பாட்டி தன் முந்தானையை எடுத்தார். “புடவைக்குக் கொசுவம் வைக்கிற மாதிரி வைங்கடா.”

ஒரு கணம் அமைதி. அப்புறம் நான்கு வயதுக்காரி பதறிப்போய்க் காலைத் தூக்கிக்கொண்டாள். “எங்க கொசு?”

டெங்கிச் சுவரொட்டிகளைப் பார்த்தும், பாலர் பள்ளியில் கொசு ஒழிப்புப் பாட்டுப் பாடியும் வளர்கிற பிள்ளைகள். கொசு தெரியும், கொசுவம் தெரியாது. ஐந்து நிமிடம் மேசைக்கு அடியில் கொசு தேடியதில் போயிற்று. முன்பு மேசைக்கு அடியில் ஒளிந்தவன்தான் தலைமை தாங்கினான். தேடி முடித்ததும் பாட்டி எழுந்து நின்று, இடுப்பில் செருகியிருந்த கொசுவத்தை மெதுவாக விரித்துக் காட்டி, விரலிடுக்கில் மறுபடி மடித்தார். இங்கே ஒரு மடிப்பு, திருப்பு, இங்கே ஒரு மடிப்பு, திருப்பு. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. முன்னும் பின்னும் மடிக்கவே வேண்டாம். ஒவ்வொரு மடிப்புக்கும் தாளையே திருப்பிப் போட்டால் பிள்ளை எப்போதும் ஒரே மாதிரி முன்னுக்கு மடித்தால் போதும். மடி, திருப்பு, மடி, திருப்பு. சேர்ந்து சொல்லவும் நன்றாக இருந்தது.

ஆனாலும் ஏ4 அகலத்துக்கு அவர்கள் கை எட்டவில்லை. மடிப்பின் ஒரு முனை சரியாக இருக்க மறுமுனை விரிந்துகொண்டு போயிற்று. இங்கேதான் அந்த 8.7 செ.மீ. பட்டை. சதுரம் வெட்டி மிச்சமான பட்டைகளை ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். மேசைக்கு அடியில் இருந்தவன் அதிலிருந்து ஒன்றை உருவி, தன் பாட்டுக்கு மடி-திருப்பு போட்டு, ஒரு முனையைக் கிள்ளிப் பிடித்துக் காட்டினான். உள்ளங்கை அளவு விசிறி, அழகாக வந்திருந்தது. அவ்வளவு குறுகிய பட்டை என்றால் இரண்டு கையும் மடிப்பின் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள முடிகிறது. நாங்கள் யாரும் யோசிக்காத தீர்வு. அன்று எல்லாப் பட்டைகளும் விசிறிகளாயின. சிலவற்றை இரண்டிரண்டாக ஒட்டி வண்ணத்துப்பூச்சி என்றார்கள். அவன் மட்டும் அடுத்த வாரம் மின்தூக்கியில் பார்க்கும்போது கடை ரசீது ஒன்றைக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது சனிக்கிழமை

விடியற்காலையில் ஒரு சுமத்ரா காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மேசை ஈரம், காற்றும் ஈரம். முந்தின இரவே வெட்டி வெளியே வைத்திருந்த தாள்கள் துவண்டுபோய் மடிப்பே நிற்கவில்லை. மடித்துவிட்டுக் கையை எடுத்தால் மெல்ல எழுந்துகொள்கிறது. காகிதம் ஈரத்தை உறிஞ்சும் என்பது தெரிந்ததுதான், நம் ஊர்க் காற்றில் ஒரே இரவில் இவ்வளவு என்று தெரியாது. பையோடு மூடி வைத்திருந்த தாள்கள் மொடமொடவென்று இருந்தன. அதிலிருந்து மூடி வைக்கும் பைதான்.

அன்றைக்குக் கப்பல். தமிழ்நாட்டில் மழை பெய்தால் தெருவோரத் தண்ணீரில் கப்பல் விடாத பிள்ளை உண்டா? கத்திக் கப்பல், சாதாக் கப்பல் என்று இரண்டு கட்சியே இருக்கும். இங்கே தெருவில் தண்ணீர் நிற்பதில்லை, நின்றால் அபராதம் பற்றிய பேச்சு வரும். பெரிய கால்வாய்ப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தைரியம் எனக்கில்லை. ஆகவே இரண்டு வாளி.

கப்பலுக்குப் போகும் வழியில் தொப்பி வருகிறது என்பதுதான் இதன் அழகு. பழைய தமிழ் முரசுத் தாளைத் தோசை மடித்து, மடிப்புப் பக்கத்து மூலைகளை நடுவுக்கு இறக்கினால் வீடு. கீழே தொங்கும் ஓரத்தை முன்னால் ஒரு முறை மேலே தூக்கி, திருப்பிப் போட்டுப் பின்னாலும் தூக்கினால் தொப்பி. ஐந்து மடிப்பு, பிரிக்கும் வேலை இல்லை. நான்கு வயதுக்காரி உட்பட ஒன்பது பேரும் தாமாகவே முடித்தார்கள். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகை ஒன்பது தலைகளில் ஏறி உட்கார்ந்தது. ஒரு தலையில் விளையாட்டுப் பக்கம், ஒரு தலையில் திருமண வாழ்த்து. ஆறு வயதுக்காரி பக்கத்திலிருந்தவன் தொப்பியில் ‘மழை’ என்ற சொல்லைக் கண்டுபிடித்துப் படித்தாள். அதற்கப்புறம் தொப்பி வாசிப்பு பத்து நிமிடம் நடந்தது. நாங்கள் திட்டமிட்டிருந்தால் அது நடந்திருக்காது.

தொப்பியிலிருந்து கப்பலுக்குப் போகும் கட்டம் பிள்ளைகளுக்கு இன்னும் கடினம்தான். தொப்பியின் வயிற்றைத் திறந்து தட்டையாக்கினால் சதுரம், கீழ்மூலையை முன்னும் பின்னும் தூக்கினால் சமோசா, அதன் வயிற்றை மறுபடி திறந்தால் மறுபடி சதுரம். கடைசியில் மேலே இருக்கும் இரண்டு காதுகளைப் பிடித்து இழுக்க வேண்டும். வயிற்றைத் திறக்கும் வேலைகளைப் பெரியவர்கள் செய்து, இழுக்கும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விட்டோம். ‘காதைப் பிடிச்சு இழு’ என்றால் சந்தோஷமாக இழுக்கிறார்கள். ஒரே ஒரு கப்பல் இரண்டாகக் கிழிந்தது.

வாளியில் ஒரு சின்னப் பரிசோதனை. முரசுத் தாள் கப்பல், வெறும் ஏ4 கப்பல், அடிப்பக்கம் முழுக்க மெழுகு வண்ணக்கட்டி தேய்த்த ஏ4 கப்பல். எது கடைசி வரை மிதக்கும்? பிள்ளைகள் முரசுக் கப்பல் என்றார்கள், பெரியதாக இருந்ததால். அதுதான் முதலில் துவண்டு சாய்ந்தது. செய்தித்தாள் தண்ணீரை அப்படியே குடித்துவிடும். அடுத்து வெறும் ஏ4. மெழுகு தேய்த்தது, சாரல் வந்து நாங்கள் ஒதுங்கும்வரை மிதந்தது. மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது என்று ஒரு வரிக்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லை. அடுத்த நிமிடமே எல்லோரும் தங்கள் கப்பலின் அடியைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு டப்பா வண்ணக்கட்டி காலி. முடிந்ததும் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, வாளியைக் கவிழ்த்து வைத்தது நான்கு வயதுக்காரி. “கொசு வரும்” என்றாள். பாட்டி, “கொசுவம் வராதா?” என்று கேட்டார். இந்த முறை சிரித்தாள்.

சரிவராதவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஒரு பையன் மூன்று வாரமும் ஆங்கிலத்திலேயே பேசினான். கேட்பதெல்லாம் புரிகிறது, கை சரியாக வேலை செய்கிறது, பதில் மட்டும் ஆங்கிலம். அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று விட்டோம், அது சரியா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. ஒன்பது பேருக்கு நான்கு பெரியவர் என்பது குறைந்தபட்சம். இருவர் வராமல் போயிருந்தால் இரண்டாவது நாளும் முதல் நாள் மாதிரிதான் ஆகியிருக்கும். நான்கு வயதுக்காரர்களையும் ஆறு வயதுக்காரர்களையும் ஒரே மேசையில் வைத்ததும் பிசகு: பெரியவர்கள் முடித்துவிட்டுச் சின்னவர்களின் தாளைப் பிடுங்கி மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை இரண்டு மேசைக்கும் வயதை வைத்துப் பிரிப்போம்.

மீன் கடனும் பாக்கி இருந்தது. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர், “மீன் எப்ப ஆன்ட்டி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது வாரம் எல்லோரும் கப்பலில் மும்முரமாக இருக்க, ஆறு வயதுக்காரி போன வார ஐஸ்கிரீமைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்நுனி மழுங்கலாக இருப்பதால் அது தலை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். நீளவாக்கில் பாதியாக மடித்தாள். கூம்பின் கூர்நுனியை மேலே தூக்கி மடித்தாள். வாலாகிவிட்டது. பிள்ளைகளுக்கான எளிய காகிதத் திமிங்கலத்தைச் செய்யும் முறையே அதுதான், அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் ஐஸ்கிரீமும் திமிங்கலமும் ஒரே மடிப்பில் தொடங்குகின்றன என்பது உறைக்கவில்லை. கண் ஒன்று வரைந்து தூக்கிக் காட்டினாள்.

“அப்பாடா, கடைசியில மீன் வந்துடுச்சு” என்றேன்.

“திமிங்கலம் மீன் இல்ல, ஆன்ட்டி” என்றாள்.